ஆமென் சொல்லாத ஒன்பது மாலைகள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். பால்கனியிலிருந்து முதலில் தெரிந்தது ஓர் ஆட்டோவின் பின்பக்கம். சிவப்பு எழுத்தில் இரண்டு குழந்தைகளின் பெயர்கள் இருந்தன. மகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஆட்டோவின் பின்னால் பெயர்கள் கிடையாது. பாதி உரிந்த ஒரு மயில் படம்தான் இருக்கும். ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை அது. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பு வாசலில் நின்றது வேறு வண்டி.

மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. பையை முதுகில் மாட்டிக்கொண்டு என்னுடன் கீழே வந்தவள் ஏறாமல் நின்றாள்.

"ஆட்டோ மாமா எங்க?"

"ஒடம்பு சரியில்ல பாப்பா. நான் அவுரு மச்சினன். கொஞ்ச நாளிக்கி நான்தான் வருவேன்" என்றார் ஓட்டுநர். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "கால்ல புண்ணு சார். சுகரு வேற கீது. ஆஸ்பத்திரில சேத்துகிறோம்."

அவர் தாழ்த்திய குரல் அவளுக்கும் கேட்டது. ஏறி உட்கார்ந்தாள், கையசைக்கவில்லை.

ஆட்டோ மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அடையாற்றுக் கரையில் குடிசை இருந்தது. அரசு அதை அகற்றிய பிறகு பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு. அங்கிருந்து தினமும் அதிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். மகளை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். "மேடம், ஏரோப்ளேன் ரெடி" என்பது காலை வணக்கம். சாந்தோமில் இருக்கும் பள்ளிக்குப் போகும் வழியில் ஓர் அம்மன் கோவில், ஒரு தர்கா, பிறகு சர்ச். மூன்றுக்கும் நெற்றியில் கை வைத்துவிட்டுத்தான் போவார். மகள் ஒருநாள் அவரிடம் காரணம் கேட்டிருக்கிறாள். "எல்லாத்துக்கும் ஒரு சல்யூட் போட்டுடணும் மேடம். இன்னிக்கி யாரு டூட்டில கீறாங்கன்னு நமக்கு இன்னா தெரியும்?" என்றாராம். அன்று சாப்பிடும்போது அதை மூன்று முறை சொல்லிச் சிரித்தாள். என் மனைவி பாதி சிரித்தாள்.

எங்கள் வீட்டில் இரவு ஏழரைக்குக் குடும்ப ஜெபம். அது மனைவி கொண்டுவந்த வழக்கம். அவள் அடையாறில் வளர்ந்த சி.எஸ்.ஐ. குடும்பம், நான் சாந்தோமில் வளர்ந்த கத்தோலிக்கன். நான் வளர்ந்த வீட்டில் ஜெபம் என்றால் ஜெபமாலை. எல்லாம் எழுதிவைத்த வார்த்தைகள். ஒருவர் முதல் பாதி, மற்றவர்கள் இரண்டாம் பாதி. அவர்கள் வீட்டில் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு சொந்த வார்த்தையில் பேச வேண்டும். திருமணமான புதிதில் அதற்கு நான் பயந்தேன். இருபது வருடமாகப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி வருகிறவன். யோசிக்காமல் வாய்க்கு வருவதை ஒருவர் சத்தமாகப் பேசினால் என் மனம் அதில் காற்புள்ளி வைக்கும். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வேதப் பகுதியை நான் வாசிப்பேன். ஜெபத்தை மனைவி செய்வாள். முடிவில் எல்லோரும் ஆமென்.

கூடத்தில் பாய். டிவி அணைக்கப்படும். ஒரு நீல அட்டை நோட்டு. அதில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று மனைவி எழுதிவைப்பாள்: உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சை, ஆபீசில் யாருக்கோ பெண் பார்ப்பது, கீழ்வீட்டு மாமி மகளின் பிரசவம். காரியம் கைகூடினால் பச்சை மையில் ஒரு டிக். கைகூடாததற்கு என்ன குறி என்று ஒருமுறை கேட்டேன். "அது இன்னும் நிலுவைல இருக்குன்னு அர்த்தம்" என்றாள்.

மகளின் பங்கு அதுவரை ஒரே வாக்கியம். அப்பாவை, அம்மாவை, தன்னை ஆசீர்வதிக்கச் சொல்லி மூச்சுவிடாமல் முடித்துவிடுவாள். மனைவிக்கு அதில் வருத்தம். பிள்ளை தானாக ஜெபிக்கப் பழக வேண்டும், தனக்கென்று ஒரு பாரம் வர வேண்டும் என்பாள். பாரம் என்பது அவர்கள் வீட்டுச் சொல். யாருக்காகவாவது மனம் கனத்து, சொல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு அந்தப் பெயர்.

அந்தத் திங்கட்கிழமை மாலை மகள் நோட்டைக் கேட்டு வாங்கினாள். அடுத்த காலி வரியில் தன் கையெழுத்தில் எழுதினாள்: ஆட்டோ மாமா கால். பிறகு கண்ணை மூடினாள்.

"இயேசப்பா, ஆட்டோ மாமாவோட கால் புண்ணை ஆத்துங்க. அவருக்கு ஊசி வலிக்கக் கூடாது. அவர் எழுந்து வரணும். அந்த மச்சினன் மாமா நல்லவர்தான், ஆனா ஏரோப்ளேன் சொல்லத் தெரியல..."

மூன்று நிமிடம் போனது. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மனைவியின் கன்னம் நனைந்திருந்தது. அன்று அவள் சொன்ன ஆமென் கொஞ்சம் சத்தமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். ஓர் அட்டையில் இறக்கை வைத்த ஆட்டோவை வரைந்து, கீழே 'நான் தினமும் ஜெபம் பண்றேன்' என்று எழுதி மச்சினனிடம் கொடுத்தனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து ஒரு விரலை எடுத்துவிட்டார்கள் என்றார் அவர். பிறகு பரவாயில்லை என்றார். பிறகு காய்ச்சல் என்றார்.

நான்காவது வாரம் வியாழக்கிழமை காலை ஆறரைக்கு என் போன் அடித்தது.

"சார், இன்னிக்கி வண்டி வராது. மச்சான் நேத்து சாயங்காலம் பூட்டாரு சார். அஞ்சு மணிக்கு."

நான் சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். மகள் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை.

"இன்னிக்கு வேண்டாங்க. பரீட்சை முடியட்டும்" என்றாள் மனைவி.

ஸ்கூட்டரில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகப் பெரும்பாக்கம் போனேன். லிஃப்ட் ஓடவில்லை. உடலைக் கீழே கட்டடங்களுக்கு நடுவில் ஷாமியானா போட்டு வைத்திருந்தார்கள். மாலையைப் போட்டேன். அவர் மனைவி என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். மச்சினன் காதில் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா வூட்டு சாரா? அந்தப் படத்தைத் தலமாட்டுலயே வெச்சிக்கினு இருந்தாரு சார். நர்சம்மாகிட்டலாம் காட்டுவாரு. எனக்காவ ஒரு மேடம் மேலிடத்துல பேசிக்கினு கீது, நான் எந்திரிச்சிடுவேன் பாருன்னு. பாப்பாவாண்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"கொயந்த. பாத்து சொல்லுங்க."

அன்று ஏழரைக்கு மகள் வழக்கம்போல ஜெபித்தாள். ஆட்டோ மாமா எழுந்து வர வேண்டும் என்றாள். முடித்தாள். நான் ஆமென் என்றேன். மனைவியின் குரல் வரவில்லை. ஒரு கணம் இடைவெளி இருந்தது. பிறகு மகள் பாயைச் சுருட்டினாள்.

பாத்திரம் கழுவும்போது மனைவி திரும்பாமலே கேட்டாள். "நீங்க எப்படி ஆமென் சொன்னீங்க?"

"எப்படின்னா?"

"செத்துப்போனவர் எழுந்து வரணும்னு பிள்ளை கேக்குது. அப்படியே ஆகட்டும்னு சொல்றீங்க. தெரிஞ்சே."

அவள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. ஒருவர் கண்ணை மூடியதும் அவர் கணக்கு கடவுளிடம் முடிந்தது; இங்கிருந்து சொல்ல ஒன்றுமில்லை. நான் வளர்ந்த வீட்டில் அப்படியில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்துபோன எல்லோருக்கும் இளைப்பாறுதல் கேட்போம். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். மகள் ஜெபிக்கும்போது மனதுக்குள் அவள் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டேன் என்றும் சொன்னேன். 'எழுந்து வர' என்பதை எடுத்துவிட்டு 'இளைப்பாற' என்று போட்டேன்.

"பிள்ளையோட ஜெபத்தையும் எடிட் பண்ணிட்டீங்களா?" என்றாள். "யாராவது செத்தா மறுநாள் காலைல பத்திரிகைல பேர் போட்டுடறீங்க. வீட்ல மட்டும் நிறுத்தி வெக்கிறீங்க."

"பரீட்சை முடியட்டும்னு நீதானே சொன்ன?"

"ஒருநாள்தான் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்தது. மாலையில் சொல்லிவிடலாம் என்று வந்தேன். ஞாயிறன்று ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டி. மகள் கூடத்தில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். அன்றும் சனிக்கிழமையும் மகள் ஜெபித்தாள். நான் ஆமென் சொன்னேன். மனைவி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் பெரிதாகிவிட்டது. போட்டியில் இரண்டாம் பரிசு. பரிசு வாங்கிய பிள்ளைகள் ஒரு ஜெப விண்ணப்பம் சொல்லலாம் என்றார் ஞாயிறு பள்ளி டீச்சர். என் மகள் மைக்கைப் பிடித்து ஆட்டோ மாமாவின் காலுக்காக ஜெபிக்கச் சொன்னாள். ஏறக்குறைய முப்பது பிள்ளைகள் கையைக் கூப்பிக் கண்ணை மூடினார்கள். பெற்றோர் வரிசையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் டீச்சர் மனைவியின் தோளைத் தொட்டு, "இந்த வயசுல இப்படி ஒரு பாரம்! நல்லா வளத்திருக்கீங்க சிஸ்டர்" என்றார். மனைவி நன்றி சொன்னாள்.

அன்று என்ன உணர்ந்தேன் என்று துல்லியமாக எழுத முயல்கிறேன், முடியவில்லை. வெட்கம் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் கண்ணை மூடியபோது, ஏதோ நடந்துவிடக்கூடும் என்று அரை நிமிடம் நானும் நினைத்தேன். மாலை போட்டு வந்தவன் நான். உடலை எடுத்ததையும் பார்த்தவன். அந்த அரை நிமிடத்தை எங்கே வைப்பது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மச்சினன் மீண்டும் வண்டி கொண்டுவந்தார். தலை மொட்டை. கொள்ளி வைத்தவர் அவர்தான். மகள் அதைப் பார்த்து, "திருப்பதியா?" என்றாள். "ஆமா பாப்பா" என்றார். "மாமா எப்படி இருக்கார்?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டின் கம்பியைப் பார்த்தேன். "அப்டியேதான் கீறாரு" என்றார்.

சாயங்காலம் போன் செய்தார். "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. பொணத்துக்கு நலம் சொல்ல வெக்கிறீங்க என்னை. அது இனிமே டெய்லி கேக்கும். நானும் எத்தினி நாளிக்கி சார்? எனக்கு வண்டி ஓட்ட முடில."

இந்த வாரமே சொல்லிவிடுகிறேன் என்றேன். செவ்வாய், புதன், வியாழன். மகளின் ஜெபம் நீண்டுகொண்டே போனது. மூன்று நிமிடம் ஆறானது, வியாழனன்று ஒன்பது. கடிகாரம் எனக்கு எதிரில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ், வார்டு, பெரும்பாக்கம் லிஃப்ட் எல்லாம் அதில் வந்தன. குரலில் ஓர் அவசரம் வந்தது. பெரியவர்கள் ஜெபிக்கும்போது சொல்லும் வார்த்தைகளை எங்கிருந்தோ பொறுக்கிச் சேர்த்தாள். பக்தி வளர்கிறதா, அவளுக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா, எனக்குப் புரியவில்லை. மனைவிக்கும் புரியவில்லை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நாளும் முடிவில் அந்த இடைவெளி மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் மனைவி என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள். "நாளைக்குக் காலைல நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்றேன். இனிமே என்னால அந்தப் பாய்ல உக்கார முடியாது."

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மகள் இரண்டாவது தோசையில் இருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன்.

"ஆட்டோ மாமா செத்துப்போயிட்டாரும்மா."

மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "எப்போ?"

"போன வாரம் புதன்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அது தோன்றியது. சொல்லவில்லை.

அவள் அழவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். அலமாரியிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்துவந்து மேசையில் வைத்து விரலால் எண்ணினாள்.

"வியாழன்லேருந்து நேத்து வரைக்கும் ஒன்பது நாள். புதனும் சேத்தா பத்து."

"ஆமா."

"அதெல்லாம் எங்க போச்சு டாடி?"

"எது?"

"நான் கேட்டது."

நான், அது வீணாகாது, அவருடைய ஆன்மாவுக்குப் போய்ச் சேரும் என்றேன். அதே நேரத்தில் மனைவி, "இயேசப்பாவுக்கு உன் மனசு தெரியும், அவர் அதை வேற விதமா எடுத்துப்பார்" என்றாள். இரண்டு பதில்களும் மேசையில் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமை காலைல" என்றேன்.

"மம்மிக்கும்?"

"மம்மிக்கும்."

அவள் முகத்தில் ஏதோ சரியாகப் பொருந்தியது போலிருந்தது. அம்மாவைப் பார்த்தாள். "அதான் நீங்க ஆமென் சொல்லலையா?"

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நான் தப்பா ஜெபம் பண்றேன், அதான் நீங்க சொல்லலைன்னு நெனச்சேன். அதான் டெய்லி இன்னும் நல்லா பண்ணேன். பெருசா பண்ணேன்."

மனைவி அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். மகள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். கோபமாக இல்லை, இன்னும் கேட்க வேண்டியது இருந்ததால்.

"புதன்கிழமை நீங்க ஆமென் சொன்னீங்க மம்மி. அப்பவும் அவர் செத்துத்தானே போயிருந்தார்?"

"அப்போ எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாம சொன்னா சரியா? டாடி தெரிஞ்சே ஒன்பது தடவை சொன்னார். அது தப்பா?"

பதினான்கு வருட மணவாழ்க்கையில் நானும் மனைவியும் இதைக் கடைசிவரை பேசியதில்லை. எட்டு வயதுப் பிள்ளை காலை ஒன்பது மணிக்குக் கேட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் தோசைத் தட்டைப் பார்த்தேன்.

"தெரியல" என்றேன்.

"மம்மி?"

"எனக்கும் தெரியலடா கண்ணு. நாங்க சொல்லாம இருந்தது தப்பு. அது மட்டும் தெரியும்."

அன்று ஏழரைக்கு மகள் வருவாளா என்று இருவரும் காத்திருந்தோம். வந்தாள். பாயில் உட்கார்ந்தாள். நான் வாசித்து முடித்ததும், "நீங்க பண்ணுங்க டாடி" என்றாள்.

சொந்த வார்த்தையில் நான் சத்தமாக ஜெபித்ததே கிடையாது. தெரிந்தது செய்தி எழுதும் வடிவம்தான். ஆண்டவரே, எங்கள் ஆட்டோ ஓட்டுநர் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு இறந்துவிட்டார். எங்களுக்கு வியாழக்கிழமை காலை ஆறரைக்குத் தெரியும். நாங்கள் எங்கள் மகளிடம் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மனைவி பெரும்பாக்கத்தில் இருக்கிறார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

மனைவி ஆமென் என்றாள். மகள் சொல்லவில்லை.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அவள் வந்து உட்கார்ந்தாள், பேசவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. இனி ஜெபிக்கவே மாட்டாளோ என்று மனைவி இரவெல்லாம் புரண்டாள். பாயில் வந்து உட்காருகிறாளே என்றேன். "உக்காருறதும் ஜெபமும் ஒண்ணா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஏழு இருபதுக்கு மகள் நீல நோட்டுடன் என்னிடம் வந்தாள். "போன் குடுங்க டாடி."

"யாருக்கு?"

"இதுல டிக் போடாதவங்க நாலு பேர் இருக்காங்க. கேட்டுட்டுத்தான் பண்ணுவேன்."

மனைவி எண்களைத் தேடிக் கொடுத்தாள். முதலில் திருநெல்வேலியில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியம்மா. மகள் ஸ்பீக்கரைப் போட்டாள். "பெரியம்மா, நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன் ராசாத்தி, என்ன திடீர்னு?" "சும்மா கேட்டேன்." வைத்துவிட்டாள். அடுத்து என் நண்பரின் அப்பா. இருமிக்கொண்டே பேசினார். பிறகு கீழ்வீட்டு மாமி. "அவ உள்ள ரூம்ல படுத்துண்டிருக்கா கொழந்தே. இன்னும் பத்து நாள் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கா. நீ வேண்டிண்டே இரு, என்ன?" "சரி மாமி."

நான்காவது, மனைவியின் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். வேளச்சேரியில் தனியாக இருப்பவர், இதய நோயாளி. மகள் இரண்டு முறை அழைத்தாள்.

நான்கு பேரில் மூன்று பேர் போனை எடுத்தார்கள்.